டென்மார்க் அண்ணனின் இருபத்தொரு நாள் தலைமைத்துவம்

டென்மார்க் நாட்டுக்குப் போய் மூன்று கிழமையில் திரும்பி வந்தவர் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவரைப் பற்றிச் சொல்வார்கள். சுத்தப் பொய். கொழும்பில் விமானத்தை விட்டு இறங்கியது அவருடைய உடம்பும் ஒரு கம்பளிச் சட்டையும்தான். ஆள் இன்றுவரை அங்கேதான் இருக்கிறார்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. பங்குச் சாமியாரின் புத்தகத்தைப் புரட்டினால் கிடைக்கும். மற்றபடி கொட்டகலைக் கடைத்தெருவிலிருந்து தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கிற எங்கள் லயத்துக் கடைசிக் காம்பரா வரைக்கும் அவர் பெயர் டென்மார்க். எங்களைப் போன்ற இளசுகளுக்கு டென்மார்க் அண்ணன். அவரைப் பெற்ற தாயே வாசலில் நின்று, “எங்க டென்மார்க்கு இன்னும் சாப்பிட வரலையே!” என்று கூப்பிட்டதை இந்தக் காதால் கேட்டிருக்கிறேன். இப்படிப்பட்ட மனிதரின் கையில் என் உத்தியோகமும் எதிர்காலமும் ஒரு வியாழக்கிழமை போய் மாட்டிக்கொண்டன. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

அவர் போன காரியத்தின் பெயர் இளைஞர் தலைமைத்துவப் பயிற்சி. பல நாட்டு மாணவர்களை ஓரிடத்தில் சேர்த்து, இருபத்தொரு நாளில் தலைவர்களாக்கித் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். கோழி முட்டைக்கும் அதே இருபத்தொரு நாள்தான். அதிலாவது குஞ்சு வரும்.

ஆளைத் தெரிவு செய்த விதத்தையும் சொல்ல வேண்டும். எழுபதுகள் முடிகிற சமயம். எங்கள் பங்குக் கோயில் இளைஞர் சங்கத்துக்குத்தான் அந்த அழைப்பு வந்தது. சங்கத்தில் பதினொரு பேர் இருந்தார்கள். மேடையில் பேசினால் மழையே நின்று கேட்கும் என்று பெயரெடுத்த ஒருவர் இருந்தார். பரீட்சையில் எல்லாப் பாடமும் தேறிய ஒரு அக்கா இருந்தார். டென்மார்க் அண்ணனோ இங்கிலீஷில் இரண்டு தடவை கோட்டை விட்டு, சங்கக் கூட்டத்தில் கடைசி வாங்கில் தூங்குகிறவர். ஆனால் கடவுச்சீட்டு எடுக்கப் பிரஜாவுரிமை வேண்டுமே! மற்றப் பத்துப் பேரும் இதே மலையில் பிறந்தவர்கள்தான். எந்த நாட்டுக்காரர்கள் என்று எழுதிய காகிதம்தான் அவர்களிடம் இல்லை. டென்மார்க் அண்ணனின் அப்பா எப்போதோ அலைந்து திரிந்து வாங்கிய பத்திரம் ஒன்று ட்ரங்குப் பெட்டியில் கிடந்தது. அதுதான் அவருடைய தலைமைத்துவப் பண்பு.

போகும்போது தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் ஐயாவின் கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு, மாசிச் சம்பல் போத்தலோடு போனார். திரும்பி வரும்போது நெஞ்சில் ஒரு அட்டை. அதில் வெளிநாட்டு எழுத்தில் அவர் பெயரும் என்னவோ ஒரு முத்திரையும். பயிற்சியில் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்வதற்காகக் குத்திவிட்டதாம். அதை அவர் கழற்றவே இல்லை. கலியாண வீட்டுக்கும் அதோடு வந்தார், சாவு வீட்டுக்கும் அதோடு வந்தார்.

“எதுக்குடா இது?” என்று அவரோடு படித்த ஒருவர் கேட்டார்.

“எதிர்ல வர்றவங்களுக்கு நம்ம பேரு தெரியணும்ல.”

“இந்த லயத்துல உன் பேரு தெரியாதவன் எவன்டா? பொறந்ததுலருந்து உன்னைத் திட்டிக்கிட்டு இருக்கோம்.”

கொழுந்து எடுத்துவிட்டு வரும் பெண்களை வழிமறித்து அவர் டென்மார்க் கதை சொல்வார். ஒரு நாள் சொன்னார், “அத்தை, அங்க ராத்திரி பத்து மணிக்குத்தான் சூரியன் மறையும். அது வரைக்கும் பட்டப்பகல் மாதிரி வெளிச்சம்!”

என் அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு வாயில் கையை வைத்தார். “அடக் கடவுளே! அப்ப பத்து மணி வரைக்கும் கொழுந்து எடுக்கணுமா?”

“அங்க கொழுந்தே இல்லத்தை.”

“கொழுந்து இல்லாம எதுக்கு அவ்வளவு நேரம் வெளிச்சம்? பாவம் அந்த சனங்க.”

ஒரு வெள்ளைக்கார நாட்டுக்காக எங்கள் லயம் இரக்கப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

பயிற்சி பெற்ற தலைவருக்கு ஏற்ற வேலை வேண்டுமல்லவா? தோட்டத்தை நடத்துகிற பெரிய தொரையிடம் போய்க் கேட்டார். தோட்டத்தில் ஒரே ஒரு இடம்தான் காலியாக இருந்தது: தப்பால். கொட்டகலைத் தபாற் கந்தோரிலிருந்து கடிதப் பையைச் சுமந்து வந்து தோட்டத்து ஆபிஸில் கொடுக்கிற வேலை. அவர் கலங்கவில்லை. “தலைவன்னா முன்னால நடக்கணும், மத்தவங்க பின்னால வரணும்” என்றார். அப்படியே நடந்தார். பின்னால் நாய்கள் வந்தன.

அவருடைய தலைமைத்துவத்தால் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. லயத்துக்குத் தண்ணீர் வருகிற பீலியில் தினமும் பெண்களுக்குள் சண்டை நடக்கும். யாருடைய குடம் முதலில் என்பதுதான் பிரச்சினை. டென்மார்க் அண்ணன் எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்தார். “மனசுல இருக்கிறத வெளிய சொல்லணும். ஒளிக்கக் கூடாது. ஒருத்தர் பேசுறப்ப மத்தவங்க குறுக்க பேசக் கூடாது. அதான் முறை” என்றார். முறைப்படியே நடந்தது. மனதில் இருந்ததை எல்லாரும் வெளியே சொன்னார்கள். அதுவரை குடத்தோடு முடிந்த சண்டை, அன்றிலிருந்து மூன்று தலைமுறைக்குப் பின்னால் போய்விட்டது. முன்பு எதற்காகச் சண்டை போட்டோம் என்பதே மறந்து, இரண்டு குடும்பங்கள் கலியாணப் பேச்சை முறித்துக்கொண்டன. டென்மார்க் அண்ணனுக்குப் பரம சந்தோஷம். “பாத்தியா, எவ்வளவு வெளிய வந்திருக்கு!”

அடுத்தது நம்பிக்கைப் பயிற்சி. தலைவன் கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாக விழ வேண்டும். கூட்டத்தார் தாங்கிப் பிடிக்க வேண்டும். கொழுந்து நிறுக்கிற மடுவத்துத் திண்டில் ஏறி நின்றார். கீழே ஆறு பெண்கள் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். மூன்று எண்ணியதும் விழுவேன் என்றார். எண்ணியது டென்மார்க் பாஷையில். மூன்று எது என்று யாருக்கும் தெரியாது. அவர் எண்ணி முடிக்கவும் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் பகல் சங்கு ஊதவும் சரியாக இருந்தது. சங்கு ஊதினால் தராசுக்கு முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். பிந்தினால் சாப்பாட்டு நேரம் போய்விடும். ஆறு பேரும் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

தரையில் கிடந்தபடி வானத்தைப் பார்த்துச் சொன்னார், “பரவால்ல. நம்பிக்கை வளர நாளாகும்.”

இரண்டு கிழமைக்குக் கழுத்தைத் திருப்ப முடியாமல், யாராவது கூப்பிட்டால் தப்பால் பையோடு முழு உடம்பையும் திருப்பினார்.

இப்போது என் விஷயம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான். எப்படியோ முட்டி மோதி உயர்தரம் வரைக்கும் வந்துவிட்டேன். எங்களுக்கும் பிரஜாவுரிமைப் பத்திரம் வந்து சேர்ந்தது. ஆசிரியர் வேலைக்கு மனுப் போட்டேன். நுவரெலியாவில் வெள்ளிக்கிழமை காலை நேர்முகப் பரீட்சை என்று கடிதம் வந்தது. நான் இந்தத் தோட்டத்தில்தான் பிறந்து வளர்ந்தேன் என்று தோட்டத்து ஆபிஸ் கொடுக்கிற கடிதத்தையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

என் பிறப்பைப் பதிந்தது அந்த ஆபிஸ். என் அப்பா, அவருடைய அப்பா எல்லாருடைய பெயரும் அந்த ஆபிஸ் செக்ரோலில், அதாவது தொழிலாளர் பதிவேட்டில், இருந்தது. ஆனாலும் நான் இங்கேதான் இருக்கிறேன் என்பது பெரிய கிளாக்கருக்கு மட்டும் உறுதிப்படவில்லை. திங்கட்கிழமை போனேன், “நாளைக்கு வா” என்றார். செவ்வாய் போனேன், “நாளைக்கு வா.” புதன்கிழமை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“எதுக்குடா உனக்கு வாத்தியார் வேல? கவ்வாத்துக்கு ஆள் பத்தல. பேசாம செக்ரோல்ல பேரப் பதிஞ்சிக்கிட்டு போ.”

கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியைக் கத்தியால் வெட்டிச் சீர்படுத்துகிற வேலை. கேவலமான வேலை இல்லை. என் அப்பா செய்த வேலை. ஆனால் செக்ரோலில் ஒரு தடவை பெயர் ஏறினால் அது இறங்குவது கல்லறைக்குப் போகும்போதுதான். வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா அடுப்பில் ரொட்டி தீய்வதைக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டார். “அவன் கையில பேனா இருக்கு. நம்ம என்னா செய்யிறது?” என்று மட்டும் சொன்னார்.

சேதி டென்மார்க் அண்ணனுக்கு எட்டியது. சாயங்காலமே வந்துவிட்டார்.

“தம்பி, இதுக்கெல்லாம் பயிற்சி இருக்கு. நாடகம் மாதிரி நடிச்சிப் பாக்கணும். நான்தான் கிளாக்கர். நீ நீயே. வா, வந்து கேளு.”

வேறு வழியில்லாமல் கேட்டேன், “ஐயா, அந்தக் கடிதம்...”

“என்னடா கடிதம்? நாளைக்கு வா!”

“அண்ணே, நீங்க குடுக்கணும்ணே.”

“நான் எதுக்குடா குடுக்கணும்? பேரப் பதிஞ்சிக்கிட்டு போடா!”

மூன்று தடவை ஒத்திகை பார்த்தோம். மூன்று தடவையும் அவர் கடிதம் தர மறுத்துவிட்டார். கடைசித் தடவை என்னைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார். பிறகு வேர்வையைத் துடைத்துக்கொண்டு, “நீ கேக்குற விதம் சரியில்ல தம்பி. நாளைக்கு நானும் வர்றேன்” என்றார்.

“வேணாம்ணே. ஒங்களுக்கு எதுக்குண்ணே சிரமம்?”

“சிரமமா? இதுக்குத்தானே என்னைய அனுப்பினாங்க!”

எங்கள் ஆபிஸைப் பற்றி ஒரு வார்த்தை. தோட்டத்து ஆள் என்றால் வெளி விறாந்தையில், செருப்பைப் படியில் விட்டு, குடையை மடக்கி, தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஜன்னலருகே நிற்க வேண்டும். மிஞ்சிப்போனால் கதவுக்கு உள்பக்கம் ஒரு அடி. பெரிய கிளாக்கரின் மேசைக்கு முன்னால் ஒரு நாற்காலி உண்டு. கொழும்பிலிருந்து கணக்குப் பார்க்க வருகிறவர்கள், பொலிஸ் இன்ஸ்பெக்டர் போன்றவர்களுக்கு உரியது. தோட்டத்து ஆள் ஒருவர் அதில் உட்கார்ந்ததாக வரலாறு இல்லை. தொழிற்சங்கத் தலைவர் மாதம் இரண்டு தடவை அந்த மேசையைத் தட்டிச் சண்டை போடுவார். அவர்கூட நின்றபடிதான் தட்டுவார்.

வியாழக்கிழமை போனோம். பெரிய கிளாக்கர் தலையை நிமிர்த்தவில்லை.

“திரும்பவும் வந்துட்டியா? நாளைக்கு வான்னு சொன்னேன்ல.”

“ஐயா, நாளைக்குத்தான் இன்டர்வியூ.”

“அப்ப நாளன்னைக்கு வா.”

நான் திரும்பினேன். அப்போது என் பக்கத்தில் இருந்த டென்மார்க் அண்ணன் உள்ளே போனார். தப்பால் பையை மேசை மேல் வைத்தார். நாற்காலியை இழுத்தார். உட்கார்ந்தார். கால் மேல் கால் போட்டார்.

சின்னக் கிளாக்கர் தட்டச்சு அடிப்பதை நிறுத்தினார். 

“இந்தத் தம்பிக்கு அந்தக் கடிதம் வேணும்” என்றார் டென்மார்க் அண்ணன். அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டார்.

கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும், முதலில் வாயைத் திறக்கிறவன் தோற்றான் என்று ஒரு பாடம் எங்களுக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லும்போதுகூட அரை மணி நேரம் பேசுவார். அந்த மனிதர் பேசாமல் இருந்ததை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

“டேய், எந்திரிடா” என்றார் பெரிய கிளாக்கர்.

டென்மார்க் அண்ணன் புன்னகை செய்தார்.

“எந்திரின்னு சொல்றேன்ல!”

புன்னகை. பெரிய கிளாக்கர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவருடைய முகத்தில் கோபம் இருந்த இடத்தில் மெல்ல மெல்ல ஒரு கணக்கு ஓடத் தொடங்கியது. இத்தனை வருஷத்தில் லயத்து ஆள் எவனும் இங்கே உட்கார்ந்ததில்லை. இவனும் தானாக உட்கார்ந்திருக்க முடியாது. அப்படியானால் யாரோ இவனை உட்காரச் சொல்லியிருக்கிறார்கள்.

“யாரு அனுப்பினது?” குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

டென்மார்க் அண்ணன் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார்.

“கொழும்புல இருந்தா?”

அவர் தப்பால் பையை ஒரு அங்குலம் நகர்த்தி வைத்தார்.

“மந்திரி ஆபிஸா?”

அவர் நெஞ்சில் இருந்த அட்டையை நேராக்கினார். பெரிய கிளாக்கர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். வெளிநாட்டு எழுத்து. முத்திரை வேறு. தினமும் பையை வாங்குகிறவர்தான். அட்டையை அன்றைக்குத்தான் பார்த்தார். தப்பால்காரன் நெஞ்சை யார் பார்க்கிறார்கள்?

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கேட்டார், “தேத்தண்ணி குடிக்கிறீங்களா?”

பத்து நிமிஷத்தில் கடிதம் அடித்து, தொரைக்காகக் கையெழுத்து வைத்து, முத்திரை குத்தி என் கையில் வந்துவிட்டது. என் பெயருக்கு முன்னால் ‘திரு’ என்றுகூடப் போட்டிருந்தார். டென்மார்க் அண்ணன் எழுந்து, கையை நீட்டிக் குலுக்கிவிட்டு, பையை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்தார்.

திருப்பம் தாண்டியதும் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு பாதையோரம் சரிந்து உட்கார்ந்தார்.

“தம்பி, தண்ணி இருக்கா? நெஞ்சு அடைக்குது.”

“எப்படிண்ணே உக்காந்தீங்க?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பயிற்சி இன்னும் முடியவில்லை போலும் என்று நினைத்தேன்.

“அங்க மொத நாளு எல்லாரும் உக்காந்துட்டாங்க. நான் கைய கட்டிக்கிட்டு கதவுகிட்டயே நின்னேன். உக்காரச் சொன்னாங்க. எனக்கு முடியல. ஒரு அம்மா இருந்தாங்க, அவங்கதான் அந்த எடத்துக்கே பெரியவங்க. எந்திரிச்சி வந்து என் பக்கத்துல நின்னாங்க. என்னா ஏதுன்னு கேக்கல. நான் உக்கார்ற வரைக்கும் அவங்களும் உக்காரல. அர நாளு தம்பி!”

“அப்புறம்?”

“அப்புறம் என்னா, அவங்களுக்குக் கால் வலிக்குமேன்னு உக்காந்தேன். மூணு கிழமைல நான் படிச்சது அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் இங்கிலீசுல சொன்னாங்க. ஒரு எழவும் வெளங்கல.”

“அப்ப எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததெல்லாம்?”

“அது நானா பாத்துச் செஞ்சதுதான்” என்றார் பெருந்தன்மையாக.

வெள்ளிக்கிழமை நான் நுவரெலியா போனேன். திங்கட்கிழமை விடிய, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில், அவரை யாரும் அனுப்பவில்லை என்பது பெரிய கிளாக்கருக்குத் தெரிந்துவிட்டது. விசாரித்ததில் டென்மார்க் அண்ணனே சொல்லிவிட்டார். “ஒருத்தரும் அனுப்பலீங்க. சும்மாதான் உக்காந்தேன்.” ஆபிஸின் மானம் போய்விட்டது. தப்பால் பை வேறு ஆளிடம் போனது. அதற்குப் பதிலாக அவர் கையில் கவ்வாத்துக் கத்தியைக் கொடுத்தார்கள். எனக்கென்று பெரிய கிளாக்கர் பார்த்து வைத்திருந்த இடம் வீண்போகவில்லை.

நியமனக் கடிதம் வந்த அன்று மலைக்குப் போய் அவரைப் பார்த்தேன். கை இரண்டும் கொப்புளம். “என்னாலதானேண்ணே இப்படி ஆச்சி” என்றேன்.

“போடா. வெட்டுற ஆளுங்க நாப்பது பேரு இருக்காங்க. தப்பால்ல நாய்தான் இருந்துச்சி” என்றார். அதற்குள் கங்காணி கத்தினார். நாற்பது பேரும் வேலையை விட்டு வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள்.

நான் இப்போது உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறேன். வருஷத்துக்கு இரண்டு தடவை, பஸ் மாறி மாறி ஏறி, ஒரு காரணமும் இல்லாமல் டென்மார்க் அண்ணன் வந்து நிற்பார். பாடம் நடக்கிறதே என்றெல்லாம் பார்க்க மாட்டார். அறுபது பிள்ளைகளுக்கு முன்னால் போய் நின்று டென்மார்க் கதையைத் தொடங்கிவிடுவார். போன மாதம் வந்தபோது, அந்த நாட்டில் மாடுகள் பால் கறக்கத் தாமாகவே வரிசையில் நிற்கும் என்றும், ராசா சைக்கிளில் வந்து இவரிடம் வழி கேட்டார் என்றும், இவர் டென்மார்க் பாஷையிலேயே வழி சொல்லி அனுப்பினார் என்றும் பிள்ளைகளுக்கு விளக்கிவிட்டுப் போனார்.

பஸ் போன பிறகு முன்வாங்குப் பிள்ளை ஒருத்தி எழுந்தாள்.

“சேர், அந்த மாமா சொன்னதெல்லாம் உண்மையா?”

பொய் சொல்லக் கூடாது என்று அன்று காலையில்தான் பாடம் நடத்தியிருந்தேன்.

“எல்லாம் உண்மைதாம்மா” என்றேன். “நீ உக்காரு.”